வீட்டுக்கு வரும் வார்டு

(சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயலாளர் அண்ணன் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். சாப்பாடு வாசம் மேலே வரத் தொடங்கிவிட்டதால் அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மருத்துவன் இல்லை. தேக்கா பக்கம் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்துவிட்டு, மிளகாய் மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் அத்தாவுக்குத் துணையாக உட்கார்ந்தவன். கடந்த ஆண்டு எங்கள் நன்னிமாவுக்கு நடந்ததை ஒரு சிலரிடம் சொல்ல, அவர்கள் தங்கள் வீட்டு விஷயத்தை என்னிடம் கேட்க, கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களெல்லாம் கல்லாவுக்கு முன்னால் நின்று இதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்த உரை.

இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் அன்று இளைஞர்கள். கடைக்கு மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது ஊருக்குக் கடிதம் எழுதித் தர ஒருவர், வேலை போனால் ஒரு வேளைச் சோறு, யாராவது மவுத்தானால் ஜனாஸாவுக்கு உதவி. ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. இந்த மண்டபத்தில் முதல் மூன்று வரிசையைப் பாருங்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். சிங்கப்பூர் முழுக்கவே இதே நிலைதான். 2030க்குள் குடிமக்களில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர் 65 வயதுக்கு மேற்பட்டவராக இருப்பார் என்று அரசாங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆக, இன்றைக்கு நம் குடும்பங்களுக்குத் தேவைப்படும் உதவி வேறு வகை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வயதான ஒருவருக்குத் திடீரென்று நோய் கடுமையாகிறது. நிமோனியா, சிறுநீரகத் தொற்று, இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொள்வது, காலில் கிருமி ஏறி வீங்கிச் சிவப்பது. வார்டில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டிய அளவு நோய். அதே சிகிச்சையை அவருடைய சொந்தக் கட்டிலிலேயே வைத்துக் கொடுப்பதுதான் நான் சொல்ல வந்தது. வாரம் ஒருமுறை தாதி வந்து புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போவது நமக்குப் பழக்கம். அது வேறு. இங்கே நோயாளி மருத்துவமனையின் கணக்கில் 'உள்நோயாளி'யாகவே இருக்கிறார். அவருக்கென்று ஒரு மருத்துவர் இருக்கிறார், தாதியர் குழு இருக்கிறது, தினமும் வார்டு ரவுண்ட் நடக்கிறது, இரவு மூன்று மணிக்கு அழைத்தாலும் எடுக்க ஆள் இருக்கிறது. கட்டில் மட்டும் உங்கள் வீட்டுக் கட்டில்.

சிங்கப்பூரில் இதற்கு 'மொபைல் இன்பேஷண்ட் கேர் அட் ஹோம்' என்று பெயர். சுருக்கமாக எம்ஐசி அட் ஹோம் என்பார்கள். 2022 ஏப்ரலில் சில பொது மருத்துவமனைகளில் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது வழக்கமான சேவையாகிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இப்படிப்பட்ட 'வீட்டுக் கட்டில்கள்' 300 ஆக வேண்டும் என்பது சுகாதார அமைச்சு வைத்த இலக்கு. ஒரு புது மருத்துவமனை கட்ட எத்தனை ஆண்டு ஆகும், எத்தனை தாதியர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறது என்பது புரியும். அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. நியூயார்க்கில் மாண்டிஃபியோர் என்ற மருத்துவமனை 1947லேயே, வீடு திரும்பிய நோயாளிகளைத் தேடி மருத்துவரையும் தாதியையும் அனுப்பத் தொடங்கியது. பிரான்சிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் முதியவர்களுக்காகவே இதைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நான்கு நோய்: நிமோனியா, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றுவது, தோலுக்கு அடியில் பரவும் கிருமித்தொற்றான செல்லுலைட்டிஸ். இந்தக் கடைசிப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கதை அதுதான்.

"வீட்டில் வைத்தால் ஆள் பிழைப்பாரா?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பிரிட்டனில் ஒன்பது இடங்களில் 1,055 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2021இல் வெளிவந்தது. சிலரை வீட்டில் வைத்தும் சிலரை வார்டில் சேர்த்தும் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது வீட்டுச் சிகிச்சைக் குழுவில் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவில் இறந்திருந்தார்கள், வார்டுக் குழுவில் பதினெட்டு அளவில். அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகப் போய்ச் சேர வேண்டிய நிலைக்கு வந்தவர்கள், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவு, வார்டில் இருந்தவர்களில் ஒன்பது பேர் அளவு. ஒரு மாதத்தில் பார்த்தால் மனக்குழப்பம் வந்தவர்களும் வீட்டுக் குழுவில் குறைவு. நான் வியாபாரி, இந்த மாதிரி எண்களைப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

அந்த மனக்குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் அதை டெலிரியம் என்கிறார்கள். நன்றாக இருந்த ஆள், வார்டில் சேர்த்த இரண்டாம் நாள் இரவு, இருக்கிற இடம் தெரியாமல் பேச ஆரம்பிப்பார். நம் ஆட்களில் சிலர் உடனே 'ஓதிப் பார்க்கணும்' என்பார்கள். சிலர் 'புத்தி பிசகிடுச்சு' என்று முடிவுகட்டிவிடுவார்கள். காய்ச்சல், புது இடம், இரவெல்லாம் எரியும் விளக்கு, பக்கத்துக் கட்டில் இயந்திரத்தின் சத்தம், மூக்குக் கண்ணாடியும் காது கருவியும் எங்கோ பையில் கிடப்பது, பேசுகிற மொழி புரியாதது, இதெல்லாம் சேர்ந்து வயதான மூளையை அலைக்கழிக்கிறது. பெரும்பாலும் திரும்பச் சரியாகும். சிலருக்கு முழுசாகத் திரும்புவதே இல்லை. அது போக, ஒரு வாரம் கட்டிலிலேயே கிடந்தால் முதியவரின் கால் தசை கரைந்துவிடுகிறது. நோய் குணமாகி வீட்டுக்கு வருவார், ஆனால் கழிவறைக்குத் தானாக நடக்க மாட்டார். அதுவரை தன் வேலையைத் தானே செய்தவருக்கு அன்றிலிருந்து ஆள் வேண்டும்.

எங்கள் நன்னிமாவுக்கு 84 வயது. சர்க்கரை நோய் முப்பது வருடமாக இருக்கிறது. அம்மாவோடும் எங்களோடும் நாலறை வீவக வீட்டில் இருக்கிறார். ஒருநாள் வலது கால் முழங்கால் வரை சிவந்து, தொட்டால் கொதித்தது. குளிர் ஜுரம். ஆம்புலன்சில் கொண்டுபோய் வார்டில் சேர்த்தோம். முதல் நாள் நன்றாகத்தான் பேசினார். இரண்டாம் நாள் இரவு, இருபது வருடத்துக்கு முன்னால் மவுத்தான தன் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார். "இது யாரு வீடு, என்னை ஏன் இங்கே விட்டுட்டுப் போனீங்க" என்று அழுகை. கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டார். தாதிகள் பொறுமையானவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நன்னிமாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், கொஞ்சம் பாசார் மலாய். அன்றைக்கு இரவு பணியில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் மருத்துவர் வந்து, காய்ச்சல் இறங்குகிறது, ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது, இனித் தேவைப்படுவது இன்னும் ஆறு நாளுக்கு நரம்பு வழியாக மருந்து, அதை வீட்டிலேயே கொடுக்கலாம், சம்மதமா என்று கேட்டார். எங்கள் குடும்பம் அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. என் பெரிய மாமா, நன்னிமாவின் மூத்த மகன், கோபமாகிவிட்டார். "இந்த நிலைமையிலயா அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது? ராத்திரி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? காசு மிச்சம் பிடிக்கிறதுக்கு வழி தேடுறாங்க ஆஸ்பத்திரிக்காரங்க, நாம தலையாட்டுறதா?" என்றார். அவர் பயம் நியாயமானது. பெற்ற தாயை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் முழு மரியாதை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பெரிய மருத்துவமனை, பெரிய பில், அதுதான் அக்கறைக்கு அடையாளம்.

அம்மா ஒன்றும் வாதாடவில்லை. "அண்ணே, அம்மா இன்னும் ரெண்டு ராத்திரி இங்கே இருந்தா என்னை யாருன்னு கேட்பாங்க" என்று மட்டும் சொன்னார். மாமா மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டார். இரவில் யாரை அழைப்பது? நிலைமை மோசமானால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமா? எங்களுக்கு முடியவில்லை என்றால் பாதியில் திரும்பக் கொண்டுவரலாமா? மருத்துவர் பதில் சொன்னார்: நாள் முழுக்க இயங்கும் ஓர் எண் தருவோம். மோசமானால் நாங்களே திரும்ப வார்டில் சேர்ப்போம், அதற்கான ஏற்பாடு எங்கள் பொறுப்பு. நீங்கள் எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திக்கொள்ளலாம். மாமா அதற்குப் பிறகுதான் தலையசைத்தார். உங்கள் வீட்டில் இந்த நிலை வந்தால் இந்த மூன்று கேள்வியையும் அப்படியே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பெட்டியை நான் ஆசையோடு பிரித்தேன், படித்த படிப்பு விடுமா? ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பது, வெப்பமானி, ஒரு டேப்லட். அளவு எடுத்ததும் புளூடூத் வழியாக டேப்லட்டுக்கும் அங்கிருந்து மருத்துவமனைக்கும் போய்விடுகிறது. என்னை அசத்தியது மருந்து ஏற்றும் பம்ப்தான். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பலூன், அதற்குள் மருந்து. பலூன் தானாகச் சுருங்கும்போது நுண்ணிய குழாய் வழியாக மருந்து 24 மணி நேரத்துக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு நன்னிமா வீட்டுக்குள் நடந்தார். தாதி காலையில் வந்து பழைய பந்தைக் கழற்றிப் புதிய பந்தை மாட்டுவார், காலைப் பார்த்துப் பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போடுவார், தேவைப்பட்டால் ரத்தம் எடுப்பார். மறுநாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று எங்கள் சின்னப் பிள்ளைகள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

பிற்பகலில் மருத்துவர் டேப்லட்டில் வருவார். முதல் நாள் நன்னிமா, முன்பின் தெரியாத ஆண் முகம் திரையில் தெரிந்ததும் அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அஸருக்கு முன்னால் முக்காடு போட்டுத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வருவது பெண் தாதியாக இருந்தால் நல்லது என்று முன்கூட்டியே சொன்னோம், கூடிய மட்டும் அப்படியே அனுப்பினார்கள். கேட்டால் கிடைக்கக் கூடியதைக் கேட்காமல் இருக்க வேண்டாம். கையில் குழாய் இருப்பதால் நனைக்கக் கூடாது, ஒளூ எப்படி என்று நன்னிமா கவலைப்பட்டார். பக்கத்துப் பள்ளிவாசல் இமாமிடம் போனில் கேட்டுச் சொன்னோம். அது தீர்ந்ததும்தான் அவர் முகம் தெளிந்தது. வந்த இரண்டாம் இரவிலிருந்து அக்காவைத் தேடுவது நின்றது. தன் தலையணை, தன் தஸ்பீஹ், ஜன்னலில் தெரிகிற அதே புளோக், அம்மாவின் குரல். இதை எந்தக் குப்பியிலும் அடைத்துக் கொடுக்க முடியாது.

எல்லாம் சுகமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் இரவு, மணி இரண்டு. நன்னிமாவுக்கு 38.7 பாகை ஜுரம். ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாக 140 இருக்கும், அன்று 104. அம்மா என்னை எழுப்பினார். நான் அந்த எண்ணை அழைத்தேன். ஐந்து நிமிடத்தில் மருத்துவர் திரையில் வந்தார். நன்னிமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், பதில் தெளிவாக இருக்கிறதா பார்த்தார். மூச்சை எண்ணச் சொன்னார். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார். ஜுர மாத்திரை கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, அரை மணியில் மறுபடி பார்க்கச் சொன்னார். மேல் எண் நூறுக்குக் கீழே போனாலோ ஆள் மயங்கினாலோ ஆம்புலன்ஸ், அதையும் அப்போதே சொல்லிவிட்டார். அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் பேசவில்லை. பெரிய மாமாவை அழைக்கலாமா என்று நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். 2.40க்கு மேல் எண் 116. காலை ஏழு மணிக்கே தாதி வந்து ரத்தம் எடுத்தார். கிருமித்தொற்று இறங்குமுகமாகத்தான் இருந்தது, மருந்தை மாற்றவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தச் சேவைக்கு ஒப்புக்கொள்ளும் குடும்பம் இப்படி ஓர் இரவு வரலாம் என்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். வார்டில் அந்த இரண்டு மணியை ஒரு தாதி பார்த்துக்கொள்வார், நாம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்போம். வீட்டில் அந்த இரண்டு மணி நம்முடையது.

நம்முடையது என்று சொன்னேன். உண்மையில் அது யாருடையது? இங்கேதான் ஆண்களிடம் கொஞ்சம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு இரவும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தது என் அம்மா. அவருக்கே 61 வயது, முட்டி வலி. ஒரு நாளைக்கு நான்கு முறை அளவெடுத்தது என் மனைவி, அவர் வேலைக்கு விடுப்புப் போட்டார். உப்பில்லாத கஞ்சி, சர்க்கரை பார்த்துச் சாப்பாடு, துணி மாற்றுவது, கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது எல்லாம் பெண்கள். நானும் இரண்டாம் மாமாவும் நான்காம் நாளிலிருந்து இரவு முறை போட்டுக்கொண்டோம், பத்து மணி முதல் இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து சுபுஹ் வரை ஒருவர். அம்மா முதலில் விடவில்லை. "ஆம்பளைங்களுக்கு இது தெரியாது" என்றார். ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றத் தெரிவதற்கு ஆண் பெண் வித்தியாசம் என்ன இருக்கிறது? கழிவறைக்கு மட்டும் அம்மாவை எழுப்பினோம். மருத்துவமனை வீட்டுக்கு வந்தால் தாதியின் வேலையில் பாதி வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. உலகத்தில் இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், கையெழுத்துப் போடுகிறவரே எந்தெந்த இரவு விழித்திருக்கப் போகிறார் என்று முடிவு செய்வது நல்லது.

அடுத்து, நோய் விசாரிக்க வருகிறவர்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது நமக்கு மார்க்கக் கடமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. வார்டில் நேரம் வைத்திருக்கிறார்கள், ஆள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் யார் கணக்குப் பார்ப்பது? முதல் இரண்டு நாளில் எங்கள் வீட்டுக்கு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தேநீர். ஒவ்வொருவரிடமும் நன்னிமா முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஒருவர் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தார், அன்பு, வேறென்ன. இருமலோடு வந்தவரும் உண்டு. பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு செய்தி போட்டார்: அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில், ஒரு நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிடம், சளி இருமல் உள்ளவர்கள் துஆ மட்டும் செய்தால் போதும். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு மலாய் மாமிதான் உண்மையான உதவி செய்தார், மூன்று நாள் மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது.

காசு விஷயம். பொது மருத்துவமனைகளில் இதற்கான கட்டணம் சாதாரண வார்டில் தங்குவதை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். உள்நோயாளி என்பதால் அரசாங்கக் கழிவு உண்டு, மெடிசேவ் பயன்படுத்தலாம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் பொருந்தும். தனியார் காப்புறுதியோ கம்பெனிக் காப்புறுதியோ வைத்திருப்பவர்கள் அவர்களிடம் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பில்லில் வராத செலவும் இருக்கிறது: விடுப்புப் போட்ட நாள், அதிகம் ஓடும் குளிர்சாதனம், அடல்ட் டயப்பர், கமோட் நாற்காலி வாடகை. கடைக் கணக்கில் இதையெல்லாம் நான் 'கைச்செலவு' என்று எழுதுவேன், சின்னச் சின்னதாகத்தான் போகும், கூட்டினால் தெரியும்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. தீவிர சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருப்பவர், எப்போது வேண்டுமானாலும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பவர், நிலைமை மணிக்கு மணி மாறுகிறவர், இவர்களுக்கு வார்டுதான். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் ஈரறை வீடு, இருவருக்கும் எண்பது வயது என்றால் அதுவும் கஷ்டம். வாடகை அறையில் தனியாக இருக்கும் நம் முன்னாள் தொழிலாளிப் பெரியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் 'வீடுதான் சிறந்தது' என்று யாரும் பேசக் கூடாது. அவர்களுக்கு வார்டில்தான் மூன்று வேளைச் சாப்பாடும் கேட்க ஒரு ஆளும். வீடே பராமரிப்பு என்று பேசும்போது, எந்த மாதிரி வீடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வீட்டை முன்கூட்டியே கொஞ்சம் தயார் செய்து வைப்பது எல்லாருக்கும் பயன்படும். கழிவறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை. மூத்தோர் உள்ள வீவக வீடுகளுக்கு 'ஈஸ்' திட்டத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறார்கள், 2012 முதலே இருக்கிறது, நம் ஆட்கள் பலர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பெரியவர் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஊரிலிருந்து வரும் மாத்திரை இருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். எங்கள் தாதி முதல் நாளே கேட்டது அந்தத் தாளைத்தான்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். தலைவர் அவர்களிடம் முன்பே பேசினேன், செயலவை கொள்கையளவில் சம்மதித்திருக்கிறது. நம் பழைய ஜனாஸா உதவிக் குழு மாதிரியே ஒரு நோய்க்கால உதவிக் குழு வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணும், மருத்துவர் திரையில் பேசும்போது போனில் மொழிபெயர்க்கத் தயாராக இருக்க வேண்டும். ஆண்கள் இரவு முறைக்கு வர வேண்டும், குறிப்பாக மகன்கள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு. சமைத்துக் கொடுக்கச் சில வீடுகள். சங்கத்தின் பின்னறையில் இரண்டு சக்கர நாற்காலி, இரண்டு கமோட் நாற்காலி, நாலைந்து ஊன்றுகோல். முதல் சக்கர நாற்காலி எங்கள் குடும்பத்திலிருந்து வந்துவிட்டது, பெரிய மாமா வாங்கிக் கொடுத்தார். தாதியாகப் பணிபுரியும் நம் சகோதரிகள் மூன்று பேர், அளவு எடுப்பது, படுக்கையில் புரட்டிப் போடுவது, வீழாமல் தூக்கிவிடுவது ஆகியவற்றைச் சனிக்கிழமைகளில் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் வகுப்பு தனியாக உண்டு.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலருகே மேசையில் ஒரு நீல நிற நோட்டு வைத்திருக்கிறோம். பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கிழமை, எந்த நேரம் முடியும் என்று எழுதுங்கள், வெறும் பெயர் மட்டும் வேண்டாம். எழுதத் தயங்கும் பெரியவர்கள் என்னிடம் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன். நன்னிமாவைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அல்ஹம்துலில்லாஹ், நலமாக இருக்கிறார். கீழே மண்டபத்தில் இரண்டாம் மேசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஸலாம் சொல்லுங்கள், இனிப்பு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.